பக்கவாதத்துக்குப் பிறகு தெம்பு, நடை, அன்றாட வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தைச் சுற்றி வீடு வீடாகப் போய்ப் பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முதல் கேள்வி வந்துவிடும்: “கை வந்துடுமா சார்?” அதற்குப் பதில் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அடுத்து வரும் கேள்விகள் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: களைப்பு, மூச்சு வாங்குவது, நடக்கலாமா கூடாதா. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே கொடுத்திருக்கிறேன். பயிற்சியைத் தொடங்கும் முன் உங்கள் மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அதை எல்லாப் பதில்களுக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

1. அப்பாவுக்கு மூணு மாசத்துல கை கால் ஓரளவு வந்துடுச்சு. ஆனா குளிச்சுட்டு வந்தா அரை மணி நேரம் படுத்துடறார். சோம்பேறித்தனமா?

இல்லை. பக்கவாதம் ஒரே சமயத்தில் இரண்டு நஷ்டத்தைக் கொடுக்கிறது. மூளையிலிருந்து கை காலுக்குப் போகும் உத்தரவு குறைகிறது. இது எல்லோர் கண்ணிலும் படுகிறது. மற்றது வெளியே தெரியாது. படுக்கையிலும் நாற்காலியிலும் கழிந்த வாரங்களில் இதயம், நுரையீரல், தசை மூன்றும் சேர்ந்து உழைக்கும் திறன் சரிந்துவிடுகிறது. பாதித்த பக்கத்துத் தசை மெலிவதோடு, சீக்கிரம் களைத்துப்போகும் வகை இழைகளும் அதில் கூடிவிடுகின்றன.

இதை அளக்கலாம். உச்சமாக உழைக்கும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனை உடம்பு பயன்படுத்துகிறது என்பதுதான் கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்க 3.5 போதும். லேசான வீட்டு வேலைக்குச் சுமார் 10.5 வேண்டும், கொஞ்சம் கடினமான வேலைக்கு 17.5. வயதானவர் பிறர் கை பார்க்காமல் வாழ, உச்ச அளவு 15 முதல் 18 வரையாவது இருக்க வேண்டும் என்பார்கள். பக்கவாதம் வந்தவர்களை அளந்த ஆய்வுகளில் கிடைத்ததோ 8 முதல் 22 வரை. பலர் அதே வயதுள்ள ஆரோக்கியமானவரின் பாதியளவில்தான் இருக்கிறார்கள்.

சம்பளக் கணக்காகப் பாருங்கள். மாதம் 30,000 வாங்குபவருக்கு 10,000 வாடகை பெரிதில்லை. சம்பளம் 13,000 ஆகிவிட்டால் அதே வாடகை கழுத்தைப் பிடிக்கும். போதாக்குறைக்கு இங்கே வாடகையும் ஏறிவிட்டது. இடுப்பைத் தூக்கி, காலைச் சுழற்றி நடப்பவருக்கு அதே தூரத்துக்கு ஒன்றரை மடங்கு, சிலருக்கு இரண்டு மடங்கு சக்தி செலவாகிறது. உங்கள் அப்பா குளித்துவிட்டு வெளியே வரும்போது அவருக்கு மாதக் கடைசி.

2. அந்தத் தெம்பு எவ்வளவு இருக்குன்னு வீட்டுலயே தெரிஞ்சுக்க முடியுமா?

ஆக்சிஜன் அளவைப் பார்க்க முகமூடி, கருவி எல்லாம் வேண்டும். வீட்டுக்கு அது தேவையில்லை. நான் செய்வது டைல்ஸ் கணக்கு. இப்போது பல வீடுகளில் 2 அடிக்கு 2 அடி டைல்ஸ்தான். 10 டைல்ஸ் என்றால் ஏறக்குறைய 6 மீட்டர். அவரை அவருடைய வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லி, போனில் நேரம் பாருங்கள். முன்னும் பின்னும் இரண்டு டைல்ஸ் கூடுதலாக விடுங்கள், கிளம்பும் தயக்கமும் நிற்கும் தயக்கமும் கணக்கில் வரக்கூடாது. ஏழரை வினாடிக்குள் கடந்தால் வினாடிக்கு 0.8 மீட்டர். அந்த வேகம் இருப்பவர் பெரும்பாலும் கடைத்தெரு வரை தனியாகப் போய்வருவார். 15 வினாடிக்கு மேல் ஆனால் 0.4 மீட்டருக்கும் கீழே, நடமாட்டம் வீட்டோடு சரி. நடுவில் இருப்பவர்கள் தெருமுனை வரை போவார்கள், கூட ஆள் இருந்தால் தேவலை.

வேகம் ஒன்று, தாக்குப்பிடிப்பது வேறு. அதற்கு 6 நிமிட நடை. மருத்துவமனையில் 30 மீட்டர் நடைபாதையில் போக வர நடக்கவிட்டு, மொத்தத் தூரத்தைக் குறிப்போம். நடுவில் நின்று இளைப்பாறலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. வீட்டுக் கூடத்தில் செய்தால் திரும்பித் திரும்பியே தூரம் குறைந்துவிடும். எங்கள் ஊரில் அதற்குக் கோயில் பிராகாரம் இருக்கிறது, காலை 7 மணிக்கு நிழலும் சமதரையும் இலவசம். பலர் 200 முதல் 300 மீட்டருக்குள் நிற்பார்கள். ஒரு மாதம் கழித்து 50 மீட்டர் கூடியிருந்தால் நிஜமாகவே முன்னேறியிருக்கிறார் என்று நம்பலாம்.

அப்புறம் நாற்காலி. கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். மூன்று எண்ணையும் காலண்டரில் தேதியோடு எழுதி வையுங்கள். பால் கணக்கு எழுதும் காலண்டரே போதும்.

3. மூளையில அடிபட்டிருக்கு, நல்லா ரெஸ்ட் எடுக்கணும்னு எல்லாரும் சொல்றாங்களே. எப்ப எழுப்பி நடக்க வைக்கலாம்?

முதல் நாளைப் பற்றி அவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர் உட்பட 5 நாடுகளில் 2,104 பேரை வைத்து நடந்த ‘ஏவர்ட்’ ஆய்வு 2015-இல் வெளியானது. 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி, நீண்ட நேரம் எழுப்பி நிற்கவும் நடக்கவும் வைத்த குழு, மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது வழக்கமான கவனிப்பு பெற்ற குழுவைவிடக் கொஞ்சம் பின்தங்கியே இருந்தது. ஆகவே முதல் நாளில் அவசரப்பட வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், அந்த ஒரு நாள் ஓய்வு நம் வீடுகளில் ஒரு மண்டலமாகிவிடுகிறது. மருத்துவர் ‘நிலை சீராகிவிட்டது’ என்று சொன்ன பிறகு படுத்தே இருப்பதால் லாபம் எதுவும் கிடையாது. சளி கட்டும், முதுகில் புண் வரும், 1-இல் சொன்ன சம்பளம் நாளுக்கு நாள் குறையும்.

4. தினமும் ஒருத்தர் வந்து கை காலை நீட்டி மடக்கி விடறார். அது எக்சர்சைஸ் இல்லையா?

மூட்டு இறுகாமல் இருக்க அது உதவும், விட வேண்டாம். ஆனால் உழைப்பது வருகிறவரின் கை, வியர்ப்பது அவருடைய நெற்றி. படுத்திருப்பவரின் நாடி ஏறவே ஏறாது. நாடி ஏறாமல் தெம்பு கூடாது.

என் தொழில்காரர்கள்மீது எனக்கு இருக்கும் குறை இது, என்னையும் சேர்த்தே சொல்கிறேன். 45 நிமிடத்தில் 40 நிமிடம் கட்டிலில் போய்விடுகிறது. நோயாளி எழுந்து மூச்சு வாங்க எதையாவது செய்யும் நேரம் எத்தனை நிமிடம் என்று ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள். கூடுதலாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

5. சரி, எவ்வளவு நேரம், எவ்வளவு வேகமா செய்யணும்?

அமெரிக்க இதயச் சங்கம் பக்கவாதம் வந்தவர்களுக்கு 2014-இல் சொன்ன அளவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூச்சு வாங்கவைக்கும் பயிற்சி வாரத்தில் 3 முதல் 5 நாள், 20 முதல் 60 நிமிடம். ஒரே மூச்சில் முடியாவிட்டால் 10, 10 நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் 2, 3 நாள், ஒவ்வொன்றும் 10 முதல் 15 தடவை.

20 நிமிடம் என்றதும் பயப்பட வேண்டாம். 5 நிமிடத்தில் தொடங்கியவர்கள்தான் என்னிடம் அதிகம். காலை 5, மாலை 5. நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கூட்டினால் இரண்டு மாதத்தில் தானாக 20 பக்கம் வந்துவிடும். நேரத்தை முதலில் கூட்டுங்கள், வேகம் பிறகு.

வேகத்துக்கு ஒரு சுலபமான சோதனை: நடக்கும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் போதவில்லை, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் அதிகம். பேச்சு பாதித்தவர்களிடம் இது செல்லாது. அவர்களுக்கு 6 முதல் 20 வரை உள்ள ஒரு களைப்பு அளவுகோலைக் காட்டி, விரலால் தொடச் சொல்வேன். 11 முதல் 14 வரை சரியான இடம்.

6. ஸ்மார்ட் வாட்ச்ல ஹார்ட் ரேட் 90-ஐ தாண்டவே இல்லை. அப்ப இன்னும் வேகமா நடக்க சொல்லவா?

மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். மெட்டோப்ரொலால், அட்டெனொலால் என்று ‘லால்’ என முடியும் மாத்திரை இருந்தால் அது நாடியை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். உச்ச நாடியைத் தெரிந்துகொள்ள வயதை 220-இலிருந்து கழிக்கும் கணக்கெல்லாம் அவருக்குப் பொருந்தாது. 5-இல் சொன்ன பேச்சுச் சோதனையை நம்புங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

7. மூச்சு வாங்கினா பிபி ஏறும். மறுபடி ஸ்ட்ரோக் வந்துட்டா?

இந்தப் பயம்தான் பாதிப் பேரைக் கட்டிலில் வைத்திருக்கிறது. பயிற்சியின்போது பிபி ஏறுவது உண்மை, எல்லோருக்கும் ஏறும், முடிந்ததும் இறங்கும். தொடர்ந்து செய்து வந்தால் ஓய்வில் இருக்கும்போது பார்க்கும் பிபியே குறையும். காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வு அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பு 75 ஆய்வுகளை, 3,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்தது. பயிற்சியால் தெம்பும் நடையும் கூடின, ஊனத்தின் அளவு குறைந்தது. பயிற்சி செய்ததால் பெரிய ஆபத்து வந்ததாக அதில் தெரியவில்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இறங்க வேண்டாம். நான் வைத்திருக்கும் விதி: உட்கார்ந்த நிலையில் பிபி 180/110-ஐத் தாண்டியிருந்தால் அன்று பயிற்சி இல்லை, மருத்துவருக்குப் போன். சுகருக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்கட்டும். சாப்பிட்ட கையோடும் வேண்டாம், சித்திரை வெயிலிலும் வேண்டாம்.

நெஞ்சு வலி, படபடப்பு, கண் இருட்டல் வந்தால் உடனே நிறுத்துங்கள், உட்காரவைத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். நெஞ்சு வலி உட்கார்ந்தும் அடங்காவிட்டால் 108. வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் புதிதாக விழுவது இவற்றில் எது வந்தாலும் நேராக 108. மூளை ரத்தக்குழாயை அடைக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால், கையை நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரம் கிடையாது.

8. எங்க அம்மாவால நடக்கவே முடியாது. அவங்களுக்கு என்ன பயிற்சி?

நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. எனக்கு ஒரே ஒரு பயிற்சிதான் அனுமதி என்றால் இதைத்தான் எடுப்பேன். காலுக்கு வலு, இதயத்துக்கு வேலை, கழிவறைக்குப் போகும் ஒத்திகை மூன்றும் இதில் இருக்கின்றன.

போன மாதம் ஒரு வீட்டில் எழுபது வயது அம்மா ஒருவர் எழவே முடியவில்லை என்றார். பார்த்தால், பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியை நல்ல கையால் இழுத்து எழப் பார்க்கிறார், நாற்காலியும் கூடவே எழுகிறது. பாதித்த கால் முன்னால் நீட்டிக் கிடக்கிறது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டினோம். மடித்த ஜமக்காளத்தைப் போட்டு உட்காரும் உயரத்தைக் கூட்டினோம். இரண்டு குதிகாலையும் முழங்காலுக்குப் பின்னால் இழுத்துவைத்து, ‘கீழே விழுந்த சாவியை எடுக்கிற மாதிரி குனிங்கம்மா’ என்றேன். மூக்கு முழங்காலைத் தாண்டியதும் இடுப்பு தானாகத் தூக்கியது. நான் பிடித்திருந்தது இடுப்பில் கட்டிய துண்டை மட்டும். அன்று 4 தடவை. இப்போது காலையில் 10, மாலையில் 10, ஜமக்காளத்தில் இரண்டு மடிப்பு குறைந்திருக்கிறது.

அதுவும் முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே காலை மாற்றி மாற்றித் தூக்கலாம். தரையில் வைத்து மிதிக்கும் சின்னப் பெடல் சைக்கிளும் நல்லதுதான், பாதித்த பாதம் நழுவாமல் துணியால் கட்டிவிடுங்கள்.

9. அவர் வீட்டுக்குள்ள நாள் முழுக்க நடந்துட்டுதான் இருக்கார். தனியா வாக்கிங் வேற எதுக்கு?

போனைச் சட்டைப் பையில் போட்டு ஒரு நாள் அடிகளை எண்ணிப் பாருங்கள். மெதுவாக, காலை இழுத்து நடப்பவரின் அடிகளைப் போன் கொஞ்சம் குறைத்தே எண்ணும், அதை விட்டுவிடலாம். பக்கவாதம் வந்து வீடு திரும்பியவர்கள் சராசரியாக நாளுக்கு 4,000 அடி அளவில் நிற்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டுக்குள் நடப்பது இருபது அடி, பிறகு உட்காருவது என்றே போகும். நாடி ஏறும் முன்பே நாற்காலி வந்துவிடும். இருந்தாலும் உட்கார்ந்தே இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். அதை நிறுத்தாமல் 5-இல் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10. கைக்கு ஸ்மைலி பந்து வாங்கிக் கொடுத்திருக்கோம். கப்பி கயிறும் மாட்டியிருக்கோம். சரிதானே?

கப்பியைக் கழற்றிவிடுங்கள். தளர்ந்த தோளை நல்ல கையால் கயிறு போட்டு மேலே இழுத்தால் தோள்வலி வரும் என்று தெரிந்த பிறகும் அது இன்னும் வீட்டுக்கு வீடு தொங்குகிறது. தூக்கிவிடும்போது கையைப் பிடித்து இழுப்பதும் அதே கெடுதல்தான். இடுப்பைப் பிடியுங்கள்.

பந்து விஷயத்தில் என் அபிப்பிராயம்: பலருக்கு விரல் ஏற்கெனவே மடங்கித்தான் கிடக்கிறது, வராதது விரிப்பது. பந்தை அமுக்குவதைவிட, டம்ளரைச் சுற்றி விரலை விரித்துப் பிடித்து, பிறகு விடுவது உபயோகமானது.

11. ஆறு மாசத்துக்குள்ள வந்தாதான் உண்டு, அப்புறம் வராதுன்னு சொல்லிட்டாங்க. எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

நரம்பு வழியாகத் திரும்பும் அசைவில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் வருகிறது, பிறகு வேகம் குறைகிறது. அந்த மட்டில் அவர்கள் சொன்னது சரி. ஆனால் 1-இல் சொன்ன இரண்டாவது நஷ்டத்துக்கு அந்தக் கெடு பொருந்தாது. அமெரிக்காவில், பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியும் கால் இழுத்து நடந்த 61 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அது 2005-இல் வெளியானது. ஒரு குழு வாரம் மூன்று நாள், ஆறு மாதம் ட்ரெட்மில்லில் நடந்தது. மற்றக் குழு வழக்கமான பயிற்சி. ட்ரெட்மில் குழுவின் உச்ச ஆக்சிஜன் அளவு 17 சதவீதம் கூடியது, மற்றதில் 3. ஆறு நிமிட நடையில் 30 சதவீதம், மற்றதில் 11.

கை அப்படியே இருக்கலாம். ஆனால் குளித்துவிட்டுப் படுக்காமல் நேராகச் சாப்பிட உட்காருவார். இரண்டு வருடம் ஆனவரிடமும் இதைப் பார்த்திருக்கிறேன்.

12. அப்ப ட்ரெட்மில், ரோபோ எல்லாம் இருக்கிற பெரிய சென்டருக்குக் கூட்டிட்டுப் போகணுமா?

பணம் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் கடன் வாங்காதீர்கள். அமெரிக்காவில் 408 பேரை வைத்து நடந்த ‘லீப்ஸ்’ ஆய்வில் (2011), உடம்பைப் பெல்ட்டில் தொங்கவிட்டு ட்ரெட்மில்லில் நடக்கவைத்த குழுவும், பிசியோ வீட்டுக்கே வந்து வலுவும் சமநிலையும் பழக்கிய குழுவும் ஒரு வருட முடிவில் நடையில் சமமாகவே இருந்தன.

13. பிசியோவுக்குக் கொடுக்க வசதியில்லை. நாங்களே கத்துக்கிட்டு செஞ்சா போதுமா?

நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், இது நாம் நினைக்கும் அளவுக்குச் சுலபமில்லை. இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்து ‘அட்டெண்ட்’ என்ற ஆய்வு நடந்து, 2017-இல் வெளியானது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து, பிறரைச் சார்ந்திருப்பதிலோ இறப்பிலோ வழக்கமான கவனிப்பைவிட எந்த வித்தியாசமும் இல்லை. குடும்பம் சோம்பேறி என்று இதற்கு அர்த்தமில்லை. அளவை எப்போது கூட்டுவது, எதை மாற்றுவது என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் தேவை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார், கட்டணம் இல்லை. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். தினமும் வர மாட்டார்கள். வரும் அன்று 2-இல் சொன்ன காலண்டரைக் காட்டி ‘அடுத்து என்ன கூட்டலாம்?’ என்று கேட்டு, நடுவில் உள்ள நாட்களை நீங்கள் ஓட்டுங்கள்.

14. புறா ரத்தம் தடவினா சீக்கிரம் நடப்பாங்களாமே?

இல்லை. புறாவை விட்டுவிடுங்கள். எண்ணெய் தேய்ப்பது சுகமாக இருந்தால் செய்யுங்கள், பயிற்சிக்கு அது பதிலாகாது. பாதத்தில் மட்டும் எண்ணெய் வேண்டாம், வழுக்கும்.

15. நல்லா செஞ்சுட்டிருந்தார். ஒரு நாள் அதிகமா நடந்தார், மறுநாள் எழுந்திருக்கவே இல்லை. நிறுத்திடலாமா?

நிறுத்த வேண்டாம், பாதியாக்குங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு வரும் களைப்பில் ஒரு வகை, உழைத்த அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் அமுக்கும். நல்ல நாளில் இரட்டிப்பாகச் செய்வதும் மறுநாள் விழுவதும் அவர்களிடம் வழக்கம். நல்ல நாளிலும் அதே 10 நிமிடம், மோசமான நாளில் 5 என்று வைத்தால் இந்த ஏற்ற இறக்கம் குறையும். கடினமான வேலைகளை ஒரே காலையில் அடுக்காதீர்கள். குளியலை மாலைக்கு மாற்றினாலே சிலர் காலையில் நன்றாக நடக்கிறார்கள்.

இரண்டு வாரம் ஆகியும் களைப்பு குறையாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். ரத்தசோகை, தைராய்டு, உப்புச்சத்து குறைவது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக மனச்சோர்வு, இவற்றில் ஏதாவது ஒளிந்திருக்கலாம். ‘எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்’ என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால் அதைச் சலிப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

16. வீட்டுக்குள்ள நல்லா நடக்கறார். தெருவுக்கு வந்தா, யாராவது பேச்சுக் கொடுத்தா நின்னுடறார், இல்லைன்னா தடுமாறறார். ஏன்?

முன்பெல்லாம் நடை தானாக நடந்தது. இப்போது ஒவ்வோர் அடியையும் அவர் யோசித்து வைக்கிறார். பேச்சுக்கும் அதே யோசனை வேண்டும். இரண்டும் மோதும்போது நின்றுவிடுகிறார், இல்லாவிட்டால் தடுமாறுகிறார். தெருவில் இதோடு மேடு பள்ளம், நாய், பின்னால் ஹாரன் அடிக்கும் பைக் எல்லாம் சேர்கின்றன.

இதையும் பழக்கலாம், ஆனால் வரிசைப்படி. முதலில் வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டே வாரநாட்களைப் பின்னாலிருந்து சொல்லட்டும். பிறகு காலிப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கட்டும். பிறகு கூட்டமில்லாத நேரத்தில் தெரு. ஹவாய் செருப்பு வேண்டாம், குதிகாலில் வார் உள்ளது வாங்குங்கள். ஊன்றுகோல் நல்ல கையில் இருக்கட்டும். படி வந்தால், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பாதித்த கால் முதலில். நீங்கள் பாதித்த பக்கம், அரை அடி பின்னால் வாருங்கள். ஏதாவது பேச வேண்டுமென்றால் டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்த பிறகு பேசுங்கள்.